அத்தியாயம் 7: அலமாரி ஆர்க்கிட்டுக்கு வெளிச்சம் போதுமா? அளந்து பாருங்கள்

இரவில் ஹாலில் டியூப்லைட்டைப் போட்டால் அறை முழுக்கப் பளிச்சென்று இருப்பதாகத்தான் தோன்றும். அங்கே லக்ஸ் மீட்டரை வைத்தால் 150, 200 என்றுதான் காட்டும். பகலில் பால்கனி நிழலில் அதே மீட்டர் 8,000, 10,000 என்று ஏறும். நடுப்பகல் மொட்டைமாடி வெயிலில் ஒரு லட்சத்தைத் தாண்டும். மூன்று இடத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஆர்க்கிட் இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அதனால் “நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு, ஏன் பூக்கவில்லை?” என்ற கேள்விக்குக் கண்ணை நம்பிப் பதில் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். ஃபிளாட்டில் ஓர் இரும்பு அலமாரி, அதில் எல்இடி பேட்டன் விளக்குகள், கீழே ஐந்தாறு தொட்டிகள் என்று வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

மீட்டருக்கு முன்னால் மின்சாரம்

தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே அலமாரியில் இருக்கப்போகின்றன. ஆகவே அளவெடுக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. விளக்குக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். “எம்சிபி இருக்கே” என்று இருந்துவிடாதீர்கள். எம்சிபி ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுக்கும். ஆளுக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.
2. இரும்பு அலமாரிக்கு எர்த் கொடுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சொருகும் வேலை இங்கே ஆகாது.
3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்கு நேராக இறங்கக் கூடாது. பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.
4. டிரைவர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் எரியும், சாலிடர் புள்ளிகள் வெளியே தெரியும் மலிவான எல்இடி பலகைகள் ஆன்லைனில் ‘குரோ லைட்’ என்ற பெயரில் கிடைக்கின்றன. எவ்வளவு மலிவாக இருந்தாலும் செடி அருகே அவை வேண்டாம்.
5. இலையில் தண்ணீர் ஸ்ப்ரே செய்யும் முன் விளக்கை அணையுங்கள். உரநீர் தெறித்து உப்புப் படிந்தால் விளக்கின் முனைப் பின்கள் துருப்பிடிக்கும். தண்ணீர் புகாத ஐபி65 வகை விளக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று எண்கள்

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. நம் கண் பச்சை, மஞ்சள் நிறங்களை நன்றாகப் பார்க்கும். சிவப்பு, நீலத்தில் மந்தம். லக்ஸ் மீட்டரும் அதே பழக்கத்தில் செய்யப்பட்டது.

செடிக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு விநாடியில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை விழுகின்றன என்பது பி.பி.எஃப்.டி. அலகு மைக்ரோமோல். இதை நேராகக் காட்டும் கருவி ‘பார் மீட்டர்’. நல்லதாக வாங்கினால் விலை அதிகம். நாலு தொட்டிக்கு அது தேவையில்லை.

மூன்றாவது எண்தான் முக்கியம்: ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த ஒளி, அதாவது டி.எல்.ஐ. அலகு மோல். பி.பி.எஃப்.டி. மணிக் கூலி என்றால் டி.எல்.ஐ. நாள் கூலி. மணிக் கூலி குறைவாக இருந்தாலும் கூடுதல் நேரம் வேலை பார்த்து ஓரளவு ஈடுகட்டலாம். விளக்கடி வளர்ப்பு நடப்பது இந்தக் கணக்கில்தான். வெயில் காலையில் ஏறி மாலையில் இறங்கும். விளக்கு பன்னிரண்டு மணி நேரமும் ஒரே அளவாக எரியும். ஆர்க்கிட் புத்தகங்களில் பேலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இயற்கை வெளிச்சத்தின் கணக்கு. விளக்கில் அதில் பாதி அளவு சீராக எரிந்தாலே செடிக்குப் போதும்.

வெள்ளை எல்இடி விளக்கில் லக்ஸை மைக்ரோமோலாக மாற்ற 70-ஆல் வகுங்கள். விளக்கின் நிறத்தைப் பொறுத்துப் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். நம் வேலைக்கு அது பாதகமில்லை. வெயிலுக்கு 54-ஆல் வகுக்க வேண்டும், பழைய ஃபுளோரசென்ட் டியூப்லைட்டுக்கு 74-ஆல்.

சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து ஊதாவாக எரியும் விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த ஒளியை லக்ஸ் மீட்டர் மிகக் குறைத்துக் காட்டும். அதை நம்பி விளக்கை இறக்கினால் இலை வெந்துவிடும். என் யோசனை, ஊதா விளக்கே வேண்டாம். அந்த வெளிச்சத்தில் இலையின் உண்மை நிறம் தெரியாது. நோய் வந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எதைக் கொண்டு அளப்பது?

சாதாரண டிஜிட்டல் லக்ஸ் மீட்டர் போதும். சென்சார் தனியாக ஒயரில் வரும் மாடலை வாங்குங்கள். சென்சாரை இலை நடுவே வைத்துவிட்டு, விலகி நின்று எண்ணைப் படிக்கலாம். சென்சார் மேல் வெள்ளைக் குமிழ் மாதிரி ஒரு மூடி ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் வரும் ஒளியையும் சேர்த்துக்கொள்ள உதவுவது அதுதான், கழற்றக் கூடாது.

கைபேசியில் அளப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ஒளி உணரி பெரும்பாலும் முன்பக்கக் கேமரா அருகே இருக்கும். லக்ஸ் ஆப்பைத் திறந்து, விரலால் அங்கங்கே மூடிப் பாருங்கள். எங்கே மூடினால் எண் சடாரென்று விழுகிறதோ அங்கேதான் உணரி இருக்கிறது. ஐபோனில் ஆப்கள் கேமரா வழியாக அளக்கின்றன. அதனால் லென்ஸ் மேல் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டச் சொல்லும். ஒட்டினால் எப்போதும் ஒரே தாளையே ஒட்டுங்கள்.

போன் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்தவர் யாரிடமாவது லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கி, உங்கள் விளக்கின் கீழ் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். மீட்டர் 6,000 காட்டும்போது போன் 4,000 காட்டினால், இனிமேல் போன் காட்டுவதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். விளக்கு மாறினால் இந்தத் திருத்த எண்ணும் மாறும்.

அளக்கும் முறை

1. இருட்டிய பிறகு அளங்கள். ஜன்னல் வெளிச்சம் கலந்தால் விளக்கு தருவது எவ்வளவு என்று தெரியாமல் போகும். அறையின் மற்ற விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.
2. செடி விளக்கைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். போட்டவுடன் எல்இடி கொஞ்சம் கூடுதலாக எரியும். சூடேறியதும் இறங்கி ஒரு நிலைக்கு வரும்.
3. தொட்டிகளை எடுத்துவிட்டு, இலை இருந்த உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியோ கவிழ்த்த தொட்டியோ வையுங்கள். சென்சாரை அதன் மேல் படுக்கையாக வைக்க வேண்டும். அலமாரித் தட்டின் மேல் வைத்து அளந்தால் அது தொட்டி அடிக்கான வெளிச்சம், இலைக்கானது அல்ல.
4. மீட்டரில் ‘1’ மட்டும் இடப்பக்கம் நின்றால் அளவு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ரேஞ்சுக்கு மாற்றுங்கள். சில மீட்டர்களில் அந்த ரேஞ்சில் தெரியும் எண்ணைப் பத்தாலோ நூறாலோ பெருக்க வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் ×10, ×100 என்று அச்சிட்டிருக்கும். “வெறும் 640 லக்ஸ்தான் வருது” என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். அது 6,400 ஆக இருக்கலாம்.
5. தலையும் கையும் விளக்கை மறைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதுவே ஒளியைத் திருப்பி அடித்து எண்ணை ஏற்றும்.
6. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தட்டில் நீளவாக்கில் ஐந்து இடம், அகலவாக்கில் மூன்று இடம், மொத்தம் பதினைந்து புள்ளிகளில் அளங்கள். தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்தில் எழுதுங்கள். தேதியையும் விளக்கின் உயரத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.
7. பிறகு தொட்டிகளைத் திரும்ப வைத்து, இலைகளுக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் மறுபடி பாருங்கள். மேல் இலை கீழ் இலைக்கு எவ்வளவு நிழல் போடுகிறது என்பது இதில் தெரியும்.

நடுப்புள்ளியை மட்டும் அளந்துவிட்டு எழுந்து போவதுதான் பலர் செய்யும் தப்பு. நாலடி டியூபின் நடுவில் 7,000 இருக்கும்போது இரு முனைகளிலும் 4,000-க்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். கட்டத்தாள் கையில் இருந்தால் எந்தச் செடியை எங்கே வைப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்தது. வெளிச்சம் அதிகம் கேட்பதை நடுவில் வையுங்கள், நிழல் விரும்பியை ஓரத்தில்.

ஒரு தட்டுக்குக் கணக்குப் போடுவோம்

20 வாட் பேட்டன் ஒன்று பெட்டியில் போட்டிருப்பதுபோல் 2,000 லூமென் தருவதாக வைத்துக்கொள்வோம். நாலடிக்கு ஒன்றரை அடி என்பது சுமார் 0.56 சதுர மீட்டர். மூன்று பேட்டன் மாட்டினால் 6,000 லூமென். அத்தனையும் தட்டிலேயே விழுந்தால் சுமார் 11,000 லக்ஸ் வர வேண்டும். விழாது. பக்கவாட்டில் அறைக்குள் சிதறியது போக அறுபது சதவீதம் தேறினால் பெரிது. அப்படியானால் சராசரி 6,600 லக்ஸ்.

இதை 70-ஆல் வகுத்தால் சுமார் 94 மைக்ரோமோல். தினம் 12 மணி நேரம் எரிந்தால் நாள் கணக்கு இப்படி வரும்: 94 × 12 × 3,600 = 40,60,800 மைக்ரோமோல். பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். ஆக 4 மோலுக்குச் சற்று மேல். பேலனாப்சிஸுக்கு இது நல்ல அளவு. இரண்டே பேட்டனோடு நிறுத்தினால் 2.7 மோல்தான் கிடைக்கும். இலை விடும், பூ குறைவாகத்தான் வரும்.

மூன்று பேட்டனும் சேர்ந்து நாளொன்றுக்கு 0.72 யூனிட் இழுக்கும். இரண்டு மாத ஈபி பில்லில் சுமார் 43 யூனிட் கூடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பேனல்களில் ஏமாறாதீர்கள். உண்மையில் அவற்றில் பலவும் நூறு வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்றில் மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எந்தச் செடிக்கு எவ்வளவு?

வெள்ளை எல்இடி, தினம் 12 மணி நேரம் என்ற கணக்கில்:

• பேலனாப்சிஸ், பேஃபியோபெடிலம்: 4,000 முதல் 7,000 லக்ஸ், அதாவது 60 முதல் 100 மைக்ரோமோல்.
• டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம்: 10,000 முதல் 17,000 லக்ஸ், அதாவது 140 முதல் 240 மைக்ரோமோல்.
• வாண்டா: 20,000 லக்ஸுக்கு மேல். இதைப் பற்றிக் கடைசியில்.

12 மணி நேரத்தை 14 ஆக்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம். ஆர்க்கிட்டுக்கு ராத்திரி என்று ஒன்று வேண்டும். பேலனாப்சிஸ் போன்றவை கார்பன் டை ஆக்சைடை இரவில்தான் உள்ளே இழுக்கின்றன. சில கேட்லியா இனங்கள் பகல் நீளம் குறைந்தால்தான் மொட்டு விடும். எனவே கையால் போட்டு அணைக்காமல், டைமர் சுவிட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். மறதிக்கு மருந்து அதுதான்.

எண் குறைந்தால், கூடினால்

குறைவாக இருந்தால் உடனே விளக்கை இறக்கத் தோன்றும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்காகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு உருண்டை பல்புக்கு ஒத்துவரும். நீள டியூபுக்கு அருகில் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும். பல டியூப்கள் வரிசையாக இருந்தால் அதைவிடக் குறைவு. அதிகம் இறக்கினால் நடுவில் வெந்து, ஓரம் இருண்டுவிடும்.

முதலில் செலவில்லாத வழி: அலமாரியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் வெள்ளைத் தெர்மாகோலோ வெள்ளைச் சன்போர்டோ கட்டுங்கள். அறைக்குள் சிதறிக்கொண்டிருந்த வெளிச்சம் திரும்பி வரும். ஓரப் புள்ளிகளில் எண் ஏறுவதை மீட்டரிலேயே பார்க்கலாம். விளக்கையோ டிரைவரையோ தெர்மாகோல் தொடக் கூடாது; அது தீப்பிடிக்கும் பொருள். காற்றுப் போக முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். இதுவும் போதவில்லை என்றால் இன்னொரு பேட்டன் சேருங்கள்.

ஏற்றும்போது பொறுமை வேண்டும். புதிதாக வாங்கிய செடியைப் பாதி அளவில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கை ஒரேயடியாக இறக்க வேண்டாம். முதலில் எரியும் நேரத்தைக் குறைத்து வைத்து, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

விளக்குக்கு நேர் கீழே உள்ள இலையை மதியம் தொட்டுப் பாருங்கள். அறைச் சூட்டைவிடத் தெளிவாகச் சுட்டால் விளக்கு ரொம்ப அருகில் இருக்கிறது. நம் ஊர்க் கோடையில் அறையே 34, 35 டிகிரிக்குப் போகும். அப்போது விளக்கை இரவு நேரத்துக்கு மாற்றிவைக்கலாம். ஆனால் அறை பகலில் இருட்டாக இருந்தால்தான் இது சரிப்படும். ஜன்னல் வெளிச்சம் பகலில், விளக்கு இரவில் என்று இரண்டும் சேர்ந்துகொண்டால் செடிக்கு ராத்திரியே இல்லாமல் போய்விடும்.

இலை சொல்வதையும் கேளுங்கள்

மீட்டர் சொல்வது தொடக்க எண். அடுத்த இரண்டு மாதம் புதிதாக வரும் இலையைக் கவனியுங்கள். பழைய இலையைவிட நீளமாக, தொளதொளவென்று, கரும்பச்சையில் வந்தால் வெளிச்சம் பற்றவில்லை. மஞ்சள் கலந்து வெளுத்தாலோ விளிம்பில் செம்மை ஓடினாலோ அதிகம். இலையின் மேல்புறம் வெளுத்து, பிறகு பழுப்பாகக் காய்ந்த திட்டு விழுந்தால் அது வெந்த புண், ஆறாது. அந்த இலையை வெட்ட வேண்டியதில்லை, விளக்கை உயர்த்தினால் போதும்.

மீட்டர் சரியான எண் காட்டுகிறது, இலையும் நன்றாக வருகிறது, ஆனாலும் பேலனாப்சிஸ் பூங்காம்பு விடவில்லை என்றால் வெளிச்சத்தை மேலும் ஏற்றாதீர்கள். அது வெப்பத்தின் கோளாறு. இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இந்தச் செடி பூங்காம்பு விடாது. சென்னை மாதிரி ஊரில் மார்கழி, தை மாதக் குளிரோ ஏசி அறையோதான் அதற்கு வழி.

எல்இடி வருஷத்துக்கு வருஷம் மங்கும், தூசும் படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு பழைய கட்டத்தாளை எடுத்து அதே புள்ளிகளில் அதே உயரத்தில் அளங்கள். துடைத்த பிறகும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் விளக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இனி வாண்டா. அதற்கு வேண்டிய வெளிச்சத்தை விளக்கில் கொடுத்துப் பூக்க வைக்க முடியாது என்பதில்லை. ஆனால் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவும், அந்தச் சூட்டை அறையிலிருந்து வெளியேற்றும் பாடும் கட்டுப்படியாகாது. வாண்டா ஆசை இருந்தால் பேட்டன் வாங்கும் பணத்தில் 50 சதவீத நிழல்வலை வாங்கி மொட்டைமாடியில் கட்டுங்கள். நம் ஊர் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.